பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்

கூபர் பீடி
14 பிப்ரவரி 1988

அன்புள்ள நோரீன்,

கவரின் கனத்தைப் பார்த்ததுமே "ஜெயிலில் இருக்கிறானா, கல்யாணம் பண்ணிக்கொண்டானா?" என்று நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிற தம்பி பக்கம் பக்கமாக எழுதினால் அக்காவுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். உன்னைத் தவிர கேட்க ஆள் இல்லை.

முதலில், கிளாரி எப்படி இருக்கிறார்? அவருக்கு நான் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நான் காய்ச்சிய பீர் பாட்டில் வெடித்து ஒரு மனுஷனுக்கு இடது கண் போயிற்று. "உன் புருஷன் ஏன் பதில் போடவில்லை?" என்று உன்னிடம் சிணுங்க எனக்கு முகம் இல்லை.

இங்கே வேலை அதேதான். மிலென்கோவோடு கூட்டுச் சேர்ந்து, ஓபல் ரத்தினக்கல் கிடைக்கும் என்று பூமியைக் குடைந்துகொண்டிருக்கிறேன். வெளியே நாற்பத்தாறு டிகிரி. சாயங்காலம் ஏணியில் ஏறி மேலே வரும்போது கண்ணிமை வரை வெள்ளைத் தூசு, தொண்டையில் சிமெண்டு பூசினாற்போல இருக்கும். அந்த நேரத்துக்கு இங்கே விற்கிற பீர் சரிப்படாது. கெட்டியாக, தித்திப்பாக, ஒன்று குடித்தாலே தூங்கச் சொல்கிறது. போன வாரம் வாய் தவறி உளறிவிட்டேன். எங்கள் பக்கம் வைக்கோல் ஏற்றுகிற நாளுக்கென்றே ஒரு பீர் காய்ச்சுவேன், இலேசாக, சுருக்கென்று இருக்கும், மூன்று குடித்தாலும் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து மிலென்கோ என்னை விடுவதாயில்லை.

"நீ குடியிருக்கறதே குகை. ஊரே வேகுது, உன் வீட்ல மட்டும் வருஷம் முழுக்க இருபத்துமூணு டிகிரி. இதுல பீர் காய்ச்சாம என்னத்தடா வளக்கற, வௌவாலா?" என்கிறான்.

நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. என் அலமாரியில் இருக்கிற பரிசைப் பார்த்து "எந்த விளையாட்டுல ஜெயிச்சே?" என்றுகூடக் கேட்டான். ஆமாம், நம்மூர் கால்பந்து கிளப்பிலிருந்து அனுப்பியது வந்து சேர்ந்தது. பலகையில் நிறுத்திய கழுத்து உடைந்த பீர் பாட்டில், அடியில் 'இந்த ஆண்டின் சிறந்த குண்டுவீச்சாளர்' என்று பித்தளைத் தகடு. நம்மூர்க் கிண்டல் எனக்குத் தெரியாததா? தூக்கி எறியப் போனேன், எறியவில்லை. என் பெயர்தானே அதில் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். எண்பத்தாறு அக்டோபரில் உன் துணி துவைக்கிற அறையில் நாம் இரண்டு பேரும் பாட்டிலில் அடைத்தோமே, அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுது. நான் எதை அளந்தேன், எப்போது அளந்தேன், எங்கே கோட்டை விட்டேன்? அது தெரியாமல் இன்னொரு ஆள் கையில் நான் பாட்டிலைக் கொடுக்க மாட்டேன். பீருக்காக மட்டும் கேட்கவில்லை. இங்கே பாறையைப் பிளக்க வெடிமருந்து அளந்து வைக்க வேண்டும். நான் அதைத் தொடுவதே இல்லை. சர்க்கரையை அளக்கத் தெரியாதவன் வெடிமருந்தை அளக்கலாமா? என் பங்கையும் சேர்த்து மிலென்கோவே செய்கிறான். எத்தனை நாளைக்குச் செய்வான்?

நிதானமாக யோசித்து எழுது.

உன் தம்பி
டெஸ்


பிகெட்ஸ் கார்னர்
6 மார்ச் 1988

அன்புள்ள டெஸ்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஆடுகளுக்கு வால் பக்கத்து மயிரைக் கத்தரிக்கிற வாரம், வேலைக்கு வந்த நான்கு பேருக்கு மூன்று வேளை சமையல், பேனா எடுக்க நேரம் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. கீழ் வயல் தொட்டியில் அடிச்சேறு தெரிகிறது. பழுப்பு நாய் செத்துப்போயிற்று, பாம்பு கடித்து.

கிளாரி நன்றாக இருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் காலை இடித்தான். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோகிறது. இப்போதெல்லாம் அவன் பின்னால் எடுக்கும்போது நான் இடது பக்கம் நின்று கை காட்டுகிறேன். "என் இடது கண்ணு அஞ்சடி மூணங்குலம், அதுக்கு வாய் வேற இருக்கு" என்று கிளப்பில் சொல்லிச் சிரிக்கிறான்.

அந்தக் கிளப் பரிசை மனதில் வைத்துக்கொள்ளாதே. சீசன் முடிகிற விருந்தில் யாரையாவது ஓட்டுவார்கள், அது வழக்கம்தானே. கிளப் சமையலறையை ஆளுகிற பெவ்கூட உன்னை விசாரித்தாள்.

நீ கேட்டது. ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது, எனக்கென்ன ஞாபகம் இருக்கும்? நான் பாட்டில் கழுவினேன், நீ நிரப்பினாய், நான் மூடி அடித்தேன். சர்க்கரை எல்லாம் உன் இலாகா. இதைப் போய் ஏன் கிளறுகிறாய்? அந்த மனுஷர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல். காய்ச்சுவதை விட்டுவிடு, டெஸ். எல்லோருக்கும் அதுதான் நல்லது.

அன்புடன்
நோரீன்


கூபர் பீடி
27 மார்ச் 1988

அன்புள்ள நோரீன்,

நாய் செத்ததற்கு வருத்தம். நல்ல நாய், சோம்பேறி.

உனக்கு ஞாபகம் இல்லையென்றால் எனக்கு இருப்பதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. பீர் நன்றாகப் புளித்து அடங்கியிருந்தது. சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று காட்டுகிற மானியை மூன்று நாள் வரிசையாக மிதக்கவிட்டுப் பார்த்தேன், ஒரே அளவு. அதில் கோளாறு இல்லை. மொத்தம் இருபத்துமூன்று லிட்டர், முப்பது பாட்டில். காலிப் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டு அதன்மேல் பீரை நிரப்புவதுதான் நம் பழைய வழக்கம். மூடி அடித்த பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று காற்றை உண்டாக்கும், நுரை அதில்தான் வரும். அந்த வருஷம் மட்டும் நான் வழக்கத்தை மாற்றினேன். நூற்றெண்பது கிராம் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து மொத்த டிரம்மிலும் கலந்துவிட்டேன். பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறாது, உனக்கும் ஸ்பூனோடு குனிந்து முதுகு போகாது என்று நினைத்தேன். உன்னிடம் அதைச் சொன்னேன். நீ "ம்" என்றாய். அப்போது பம்பு நின்றுபோய் நான் ஓடினேன். திரும்பி வந்தபோது கழுவிய பாட்டில்களை நீ வரிசையாக வைத்திருந்தாய். நிரப்பினேன்.

இவ்வளவுதான் நடந்தது. காகிதத்தில் நூறு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நூற்றெண்பது கிராமில் எந்தப் பாட்டிலும் வெடிக்காது. பாட்டில் வெடித்த அன்றைக்கு வைக்கோல் கொட்டகையில் நாற்பத்தொரு டிகிரி இருந்தது, அந்தச் சூட்டைச் சேர்த்தாலும் வெடிக்காது. அப்படியென்றால் தராசில் நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன். வேறு எப்படி?

கிளாரி அந்தப் பாட்டிலைத் திறந்தது எனக்கு மறக்கவே மறக்காது. கடைசிக் கட்டு அடுக்கி முடிகிற வரை ஒருவரும் மூடியில் கை வைக்கக் கூடாது. அதன்பிறகு வீட்டுக்காரர்தான் திறக்க வேண்டும், எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிக்க வேண்டும். நம் பக்கத்து மரியாதை அது. அந்த மரியாதை மட்டும் இல்லாதிருந்தால் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் திறந்திருப்பேன். என் கண்ணோடு போயிருக்கும்.

மிலென்கோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்தான். "ஈஸ்டர் கழிச்சு என் மச்சினன் வரான். மருந்து வைக்க ரெண்டாவது கை வேணும். ஒருத்தனே எல்லாத்தையும் செஞ்சா ஒரு நாள் ரெண்டு பேருமே போயிடுவோம். அந்தக் கை உன்னோடதா, அவனோடதா? நீயே சொல்லு. நான் உன்ன தொரத்தல" என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் கூட்டு போய்விட்டால் எனக்கு இங்கே ஒன்றும் இல்லை, அங்கேயும் வர முடியாது.

அதனால் ஒரு முடிவு செய்தேன். போன சனிக்கிழமை டிரம்மில் காய்ச்சி ஊற்றிவிட்டேன், அதே அளவு, அதே முறை. அடைத்து, யாரும் போகாத கடைசிச் சுரங்கத்தில் வைப்பேன். மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலை நான் தனியாக, முகத்துக்கு எதுவும் போடாமல் திறப்பேன். என் கை சரியான கையா என்று அதுவே சொல்லட்டும். தப்பான கை என்றால் எனக்கும் ஒரு கண் போகட்டும், கிளாரிக்கும் எனக்கும் சரியாகிவிடும்.

டெஸ்


பிகெட்ஸ் கார்னர்
6 ஏப்ரல் 1988

டெஸ்,

திறக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் பாட்டில் வெடிக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். விஷயமே அதுதான்.

இதற்கு முன் மூன்று தடவை எழுதி அடுப்பில் போட்டேன். தபால் நிலையத்துக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொல்லலாம் என்று பார்த்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இந்தத் தடவை எழுதியதும் ஒட்டி, படித்துப் பார்க்காமல் பெட்டியில் போடப் போகிறேன்.

நீ தராசில் தப்பாகப் பார்க்கவில்லை. டிரம்மில் சர்க்கரை கலந்தாயிற்று என்று நீ சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "ம்" என்றேன். நீ பம்பைப் பார்க்க ஓடினாய். நான் கழுவின பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். முப்பதிலும். பழுப்புப் பாட்டில், உள்ளே ஈரம் வேறு, உனக்குத் தெரிந்திருக்காது.

கை பழக்கத்தில் போட்டது என்று எழுதினால் எனக்கு எவ்வளவோ சுலபம். அப்படி இல்லை. வேண்டுமென்றே போட்டேன். அதற்கு முந்தின வருஷ பீர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நுரையே இல்லாமல் போனதே, அது. பத்துப் பேர் வியர்வையோடு உட்கார்ந்திருக்க, பெவ் கிளாசைத் தூக்கிப் பிடித்து "ஏன் நோரீன், இது பீரா, டிராக்டர் ரேடியேட்டர்லேர்ந்து எறக்கினதா?" என்றாள். கிளாரி விழுந்து விழுந்து சிரித்தான், மிச்சத்தை நாய் முதுகில் ஊற்றினான். நீயும் சிரித்தாய். காய்ச்சினவன் நீ, ஆனால் என் வீட்டுக் கிளாஸ், என் வீட்டு உபசாரம். காது சிவந்துபோய் உள்ளே போய் நின்றேன். ஒரு வருஷம் அது எனக்குள் கிடந்தது. அதனால் நீ புது முறை என்று சொன்னதும், இவனாவது, இவன் கணக்காவது, மறுபடியும் தண்ணீரைக் குடிக்கவைத்து என்னை ஊர் சிரிக்கவைக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். உன்னை நம்பவில்லை. அதுதான் நடந்தது.

பாட்டில் வெடித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது நீ "என் தப்பு" என்றாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து உன்னைப் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. "கிளாரி கண்ணுல கொஞ்ச நாள் படாம இரு" என்று உன்னை அனுப்பினேனே, கிளாரி அப்படிச் சொல்லவில்லை. அவன் ஒன்றுமே சொல்லவில்லை. நீ என் சமையலறையில் உட்கார்ந்து சர்க்கரையை மறுபடி மறுபடி நிறுத்துக்கொண்டிருந்தாய், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மிச்சப் பாட்டில்களை நீ வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினாயே, அதில் ஒன்றைத்தான் கிளப் பரிசுக்கு வந்து கேட்டார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். விருந்தில் உன் பெயரைப் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது, டெஸ்.

கிளாரிக்கு இது தெரியாது. தெரியவேண்டாம் என்று உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இடது பக்கம் நான் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில்தான் அவன் வண்டியையே பின்னால் எடுக்கிறான். இதைக் கேட்கவே எனக்கு நாக்கூசுகிறது, இருந்தும் கேட்கிறேன். இந்த லட்சணத்தில்தான் உன் அக்கா இருக்கிறாள்.

வெடிமருந்தை அளக்க உன் கைக்கு ஒரு குறையும் இல்லை. போய் மிலென்கோவிடம் சொல்.

நோரீன்


கூபர் பீடி
24 ஏப்ரல் 1988

நோரீன்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் "யாராவது செத்துட்டாங்களாப்பா?" என்று கேட்டார்.

பதினேழு மாதம். ஒரு ஆள் என்னிடம் தேநீரில் எத்தனை சர்க்கரை என்று கேட்டால்கூட நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். தெருவில் கண்ணில் கட்டுப் போட்டவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அப்போதெல்லாம் உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அட்டையில் கங்காரு படம் போட்டு அனுப்பினாய், அப்போதும் தெரியும்.

கை தட்டினாயா?

பயப்படாதே, கிளாரியிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லுவாய். கடிதத்தில் இல்லை, வாயால், அவர் முகத்தைப் பார்த்து. அதுவரை எனக்கு எழுதாதே.

டெஸ்


பிகெட்ஸ் கார்னர்
26 ஜூன் 1988

டெஸ்,

எழுதாதே என்றாய். சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் ஏன் ஆயிற்று என்று கேட்பாய். மே மாதம் விதைப்பு, களைத்துப்போய் வருகிறவனிடம் வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு அவன் பிறந்தநாள் வந்தது, கேக்கை வெட்டினவுடன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், "இன்னும் கொஞ்சம் கிரீம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் காரில் போகும்போது "கிளாரி, அந்த பீர்..." என்று ஆரம்பித்தேன். "இனிமே அந்தப் பேச்சே வேணாம்னு சொல்லியிருக்கேன்ல" என்றான். அதைச் சாக்கு வைத்து இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சாக்குகளை எல்லாம் எழுதினால் உனக்கு என் முகத்தில் விழிக்கவே பிடிக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை விறகு ஏற்றின ட்ரெய்லரைக் கொட்டகைக்குள் விட வேண்டியிருந்தது. நான் இடது பக்கம் நின்றேன். "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டிக்கொண்டே வந்தவள், "நில்லு" என்றேன். இன்னும் எட்டடி இடம் இருந்தது. கிளாரி ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஏன், இன்னும் எடம் இருக்கே?"

"டெஸ் மேல தப்பு இல்ல. நான்தான் சர்க்கரை போட்டேன்."

"என்ன சர்க்கரை?"

"அந்த பீர்ல. அவன் மொத்தத்துலயும் கலந்துட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் அவன நம்பல. பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போட்டேன்."

இன்ஜினை அணைத்தான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தான். நான் பேசிக்கொண்டே போனேன், ஆஸ்பத்திரி, உன்னை அனுப்பியது, பரிசுப் பாட்டில், எல்லாம். பரிசுப் பாட்டிலைச் சொன்னபோது மட்டும் என் பக்கம் திரும்பினான். முழுத் தலையையும் திருப்பினால்தான் என்னைப் பார்க்க முடியும்.

"நீயா குடுத்தே?"

"நான்தான்."

டாஷ்போர்டு அறையைத் திறந்தான். உன் மூன்று கடிதங்களும் அதில் இருந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "கிழிச்சுப் போடவும் மனசு வரல, படிக்கவும் மனசு வரல" என்றான். பிறகு "நீ உள்ள போ, நோர்" என்றான்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து மூன்றையும் படித்தான், முதலிலிருந்து மறுபடியும் படித்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. விறகு ட்ரெய்லர் மழையில் வெளியிலேயே கிடந்தது. நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "ஒண்ணற வருஷமா அந்தப் பய என் கண்ணக் குருடாக்கினவன் மாதிரி நடந்திருக்கான். நானும் அவன அப்படியே விட்டுட்டேன். என் கண்ணு போனதுக்கு உன்மேல எவ்ளோ கோவம்னு இன்னும் எனக்குத் தெரியல. அத அப்புறம் பாத்துக்கலாம். கிளப்ல எல்லாரும் சேந்து அவன் பேர தகட்டுல அடிச்சீங்க இல்ல? கிளப்ல போய் சொல்லு."

சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது.

நோரீன்


பிகெட்ஸ் கார்னர்
17 ஜூலை 1988

டெஸ்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுதினால்தான் ஆச்சு என்று நான் கேட்கப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சனிக்கிழமை என்னால் முடியவில்லை. கிளாரி வண்டியில் வீட்டுக்குக் கூட்டி வந்தான். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, கிளப்பில் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத்துக்கு எல்லோரும் வரிசை நின்றபோது, நான் சாஸ் ஊற்றுகிற மேஜைக்குப் பின்னால் இருந்தேன். கரண்டியால் தட்டைத் தட்டினேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ எதிரணிக்காரர்களும் இருந்தார்கள். சொன்னேன். சுருக்கமாகத்தான். பாட்டிலில் இரண்டாம் தடவை சர்க்கரை போட்டது நான், டெஸ் சரியாகத்தான் அளந்தான், எனக்குத் தெரிந்தே அவன் பெயரைத் தகட்டில் அடிக்க விட்டேன். அவ்வளவுதான். குரல் நடுவில் கீச்சென்று போயிற்று.

முதலில் பேசியது பெவ். "போன வருஷம் நான் அந்த ரேடியேட்டர் ஜோக் அடிச்சேனே, அதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அது போன வருஷம் இல்லை, மூன்று வருஷம் ஆகப் போகிறது என்றுகூடத் திருத்தவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுக்க மறந்து கருகவிட்டாள். யாரோ பின்னாலிருந்து "அப்போ சாஸ்ல என்ன போட்டிருக்கா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள், மிச்சப்பேர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நேற்று போனபோது கிளப் சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் மண்டையோட்டுப் படம் வரைந்து 'நோரீன் தொடக்கூடாது' என்று ஒட்டியிருந்தார்கள். பெவ் கிழிக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

கிளாரியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், பேசுகிறோம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. இறங்கிப் பார்த்து, ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்து எடுக்கிறான். கொட்டகைக் கதவை இரண்டு தடவை இடித்துவிட்டான். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். கேட்காமல் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் கடைசியில் வைக்கோல். கிளாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கட்டு தூக்க ஆள் வேணும்னு எழுது. பீர் வேணாம்னு எழுதாத."

நோரீன்


கூபர் பீடி
25 செப்டம்பர் 1988

நோரீன்,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பேசாமல் இருந்தது உன்னைத் தண்டிக்கத்தான், முதல் ஒரு மாதம். அதன்பிறகு வேறு காரணம்.

பாட்டில்களைத் திறந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அருமையாக வந்திருந்தது, இலேசாக, எலுமிச்சைத் தோல் மணத்தோடு. மிலென்கோ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தூசு படிந்த மூஞ்சியில் நுரையோடு "டேய் பாவி, இத வெச்சுக்கிட்டா இவ்ளோ நாள் அழுதுட்டு இருந்தே?" என்றான். மே மாதத்திலிருந்து நானும் மருந்து வைக்கிறேன். அவன் மச்சினன் மேலே வாளி இழுக்கிறான்.

அந்த வேறு காரணம் இதுதான், இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். தபால் நிலையத்துக்குப் பின்னால் போய், குப்பைத்தொட்டிப் பக்கத்தில் நின்று, நான் இல்லை, நான் இல்லை என்று குதித்தேன். சிரித்தேன். கிளாரியின் கண் போனது போனதுதான், அது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. என் பெயரில் பட்ட கறை போயிற்று, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த மனுஷனின் முகம் நினைவுக்கு வந்தது. உன்மேல் கோபப்படுவதுகூட அந்தக் குதியை மூடிவைக்க வசதியாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷம் அவருக்காக அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்காகத்தான் அழுதிருக்கிறேன். கிளாரிக்கு எழுதியிருக்கிறேன், இதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது தனிக் கவரில் வரும், நீ பிரிக்காதே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் வீணாயிற்று. அது இன்னும் வரவில்லை, வந்ததாக எழுதினால் பொய். வருமா என்றும் தெரியவில்லை. நீ கை தட்டினாய் என்பதை நினைத்தால் இன்னமும் உடம்பு எரிகிறது. ஆனால் கிளப்பில் எதிரணிக்காரர்கள் முன்னால் கீச்சுக்குரலில் சொன்னாயே, அதையும் நினைக்கிறேன். ஒரே நாளில் இரண்டும் நினைவுக்கு வருகிறது. எனக்கு உடன்பிறந்தவள் நீ ஒருத்திதான்.

வைக்கோலுக்கு வருகிறேன். அக்டோபர் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, போர்ட் அகஸ்டாவில் மாறி வருகிற பஸ், மூன்றேகால் மணிக்கு நம் திருப்பத்தில் நிற்கும். கிளாரியை அனுப்பாதே. பெவ்வோடு வராதே. நீ தனியாக வந்து நில். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், நீ அங்கே இல்லையென்றால் இறங்க மாட்டேன்.

டெஸ்